வானத்தைப் பாத்துட்டுக் கடைக்குப் போ மருமவனே

வா மருமவனே, உக்காரு. ஹாலையே தியேட்டராக்கப் போறே, அதுல நேரலை டிவியும் வரணும், எல்லாத்துக்கும் சேத்து ஒத்தக் கம்ப்யூட்டருன்னு உங்க அம்மா சொன்னா. அக்கா மவன் இம்புட்டு யோசிக்கானேன்னு எனக்கு ஒரே பெருமை. எங்க, கடையில எழுதி வாங்கின சீட்டைக் காட்டு.

ம்... ஐ7 பிராசசர். 32 ஜிபி ராம். கேம் ஆடுதவன் போடுத கிராபிக்ஸ் கார்டு. 850 வாட் பவர் சப்ளை. கலர் கலரா மின்னுத ஃபேன் ஆறு. கடைசியில மொத்தத் தொகை, அதுக்குக் கீழ ரெண்டு கோடு. ஒரு குறை சொல்ல முடியாது. கடைக்காரன் டீ வாங்கிக் கொடுத்திருப்பானே? கொடுத்தானா? பன்னும் சேத்தா? நல்ல மனுசன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. இந்தச் சீட்டுல டிவி எங்கலே இருக்கு?

செவுத்தைக் காட்டாத. அது வெறும் கண்ணாடி, அங்க தொங்குதது எனக்கும் தெரியும். மேல இருந்து வார சானலு எந்த வாசல் வழியா இந்தப் பொட்டிக்குள்ள நுழையப் போகுதுன்னு கேக்கேன். மின்னுதுக்கு ஆறு ஃபேன் எழுதினவன், நுழையுதுக்கு ஒரு டியூனர் எழுதலையே. பரவாயில்லை, பெரிய பெரிய ஆளுங்களே இப்படித்தான் வாங்குதாவ. மொதல்ல பொட்டியத் தூக்கிட்டு வந்துருதாவ, பொறவு டிவி வரலைன்னு என்னைத் தேடுதாவ.

நான் கேபிள் ஓட்டுன ஆளு. சன் டிவி 1993ல வந்த காலத்துல இந்தத் தெருவுக்கு டிஷ் குடை தூக்கி வச்சு ஒயரு இழுத்தவன். அதனால சொல்லுதேன்: மொதல்ல வானத்தைப் பாரு, அடுத்து வீட்டைப் பாரு, கடையக் கடைசியாப் பாரு. நீ கடைசியில இருந்து ஆரம்பிச்சிருக்கே. படிச்ச பிள்ளை, எதையும் தலைகீழாச் செய்யத் தெரியுது.

சரி, வானத்துக்கு வருவோம். உனக்கு என்ன சானல் வேணும்? "எல்லாம்." நல்லது. அந்த எல்லாத்துலயும் பெரும்பாலானது பூட்டிக் கெடக்கு. காசு கட்டிப் பாக்குத டிடிஎச்சும் சரி, தெருவுல வார டிஜிட்டல் கேபிளும் சரி, சிக்னலைப் பூட்டித்தான் அனுப்புதாவ. சாவி அவன் கொடுத்த செட்டாப் பாக்ஸுக்குள்ள இருக்கு. உன் கம்ப்யூட்டர் எம்புட்டு வேகமா ஓடுனாலும் அந்தப் பூட்டு முன்னால நின்னு முழிக்கத்தான் செய்யும். பாக்ஸோட எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டர்ல சொருகலாம்னு சொல்லுவான் உன் சேக்காளி. அதுக்கும் எச்டிசிபின்னு ஒரு பூட்டு உண்டு. பதிவு பண்ணுத கருவின்னு தெரிஞ்சா படம் கறுத்துப் போவும். அந்தப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்ல எடுத்தா வரும். ஆனா 576 வரிப் படந்தான் வரும். உன் 4கே கண்ணாடியில அதைப் போட்டா நடிகர் மூஞ்சியெல்லாம் கரைஞ்சு தெரியும். சானல் மாத்த வேற பாக்ஸுக்கு முன்னால ஒரு சிவப்புக்கதிர் விளக்கை ஒட்டி வைக்கணும். யாரோட சாவியவோ இன்டர்நெட்ல பங்கு போட்டுக்கிடலாம்னு எவனாவது வந்தா, அது திருட்டு. அந்தப் பேச்சை இந்தத் திண்ணையில எடுக்காத.

அதனால பூட்டுன சானலுக்கு வழி சொல்லட்டுமா? பாக்ஸை டிவியோட எச்டிஎம்ஐ ஒண்ணுல சொருகு. கம்ப்யூட்டரை எச்டிஎம்ஐ ரெண்டுல சொருகு. ரிமோட்ல ஒரு பொத்தானை அமுக்கு. செலவு சுழியம். என்னலே மூஞ்சி சுருங்குது? செலவில்லாத யோசனைக்கு நம்மூர்ல மதிப்புக் கிடையாது, தெரியும்.

பூட்டாத வானமும் ஒண்ணு இருக்கு. டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்னு தொடங்கினாவ. மாசக் கட்டணம் கிடையாது. கிழக்க 93.5 டிகிரியில நிக்குத ஜிசாட்-15ல இருந்து இறங்குது. 60 சென்டிமீட்டர் குடை போதும். டிடி தமிழ் வரும். பொதிகையத்தான் 2024 ஜனவரியில அப்படிப் பேரு மாத்துனாவ. செய்தி, இந்திச் சானல், பக்திச் சானல், இந்தியா விளையாடுத சில கிரிக்கெட்டை டிடி ஸ்போர்ட்ஸ்ல காட்டுனா அதுவும் வரும். பெரிய தனியார் தமிழ்ச் சானலு கிடைக்கும்னு ஆசைப்படாத. உனக்கு வேண்டியது இதுக்குள்ள இருக்கா? இருந்தாத்தான் டியூனர். இல்லைன்னா இப்பவே எந்திரிச்சுப் போயி வெறும் படப் பொட்டி வாங்கிக்கோ, காசு மிச்சம்.

இருக்குன்னு தலையாட்டுதே. நல்லது, மேல கேளு.

தட்டட்டியில நின்னு குடையைத் திருப்ப வேண்டியது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவுல. 1982ல ரூபவாஹினி தொடங்கினப்போ நம்ம பக்கத்துல மூங்கில் கம்புல ஆண்டெனாவைக் கட்டி இலங்கையப் பாத்துத் திருப்புனோமே, கிட்டத்தட்ட அதே தெசைதான். அன்னிக்குக் கம்பைச் சுத்தச் சுத்தப் புள்ளியா, பொடியாவாவது ஏதோ வந்துச்சு. இன்னிக்கு டிஜிட்டல், வந்தா முழுசா வரும், இல்லைன்னா ஒண்ணுமே வராது. குடை லேசா நகந்தா போச்சு. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வார காத்து உனக்குத் தெரியும். காத்தாலைக்காரன் சிரிப்பான், குடை வச்சவன் அழுவான். அதனால குழாயைச் சுவத்துல நாலு போல்ட்டு போட்டு இறுக்கு, தரையில செங்கல்லை அடுக்கி வைக்காத. எதுத்தாப்புல தென்னை மட்டை வாராம பாத்துக்கோ. ஐப்பசி, கார்த்திகையில மழை கொட்டுனா கேயூ பேண்டு சிக்னல் மங்கத்தான் செய்யும். அதுக்கு 32 ஜிபி ராம் உதவாது. குடைக்கு எர்த் போட மறக்காத. இடி விழுந்தா அது உன் விலைச்சீட்டைப் பாத்துத் தயங்காது.

ஒயரு ஆர்ஜி-6. பழைய மெல்லிசு ஒயரு சுருட்டிக் கெடக்குன்னு அதை இழுக்காத. எண்ணூத்தைம்பது வாட்டுக்குப் பணம் எடுத்து வச்சவன் ஒயர்ல மிச்சம் பிடிப்பான், அதையும் நான் பாத்திருக்கேன்.

இப்ப டியூனர். டிவி டியூனர் கார்டுன்னு பழைய சாமான் கடையில மலிவாத் தருவான்; வாங்கிராத. அது அனலாக் காலத்துச் சரக்கு. கேட்டு வாங்க வேண்டியது டிவிபி-எஸ்2. அது புதுசையும் பிடிக்கும், பழைய டிவிபி-எஸ்ஸையும் பிடிக்கும். ஃப்ரீ டிஷ்ல ரெண்டு வகையும் உண்டு. வாங்குதுக்கு முன்னால அதுக்கு லினக்ஸ் டிரைவர் எங்க இருக்குன்னு பாரு. சிலதுக்குக் கெர்னலுக்குள்ளயே இருக்கும், சொருகினா ஓடும். சிலதுக்குக் கம்பெனிக்காரன் தனியாத் தருவான்; கெர்னல் மாறும்போதெல்லாம் நீ உக்காந்து மறுபடி கட்டணும். ஞாயித்துக்கிழமை வேற சோலி இல்லாதவனுக்கு அது ஏத்தது. உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம், நினைப்புல வச்சுக்கோ.

எத்தனை டியூனர்னு கேப்பே. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வானத்துல இருந்து சானல் ஒண்ணொண்ணா வாரதில்லை. கொத்துக் கொத்தா வருது, ஒவ்வொரு கொத்துக்கும் டிரான்ஸ்பாண்டர்னு பேரு. மடையத் திறந்தா வாய்க்கால்ல உள்ள தண்ணி மொத்தமும் வருதுல்லா, அப்படி ஒரு டியூனர் ஒரு டிரான்ஸ்பாண்டரைப் பிடிச்சா அதுல உள்ள அத்தனை சானலும் உள்ள வந்துரும். ஒண்ணைப் பாத்துக்கிட்டே இன்னொண்ணைப் பதிவு பண்ணலாம், ஒரே கொத்தா இருந்தா. வேற கொத்துன்னா ரெண்டாவது டியூனர் வேணும். நீ ரெண்டு உள்ள கார்டா வாங்கு. எதுக்கு ரெண்டுன்னு இப்பக் கேக்காத.

ரெண்டு டியூனர்னா மேல குடை முன்னால சிக்னல் வாங்குத எல்என்பியும் இரட்டை வாய் உள்ளதா இருக்கணும், ரெண்டு ஒயரு இறங்கணும். ஒரு ஒயரைப் பிரிச்சுக் குடுத்தா நடக்காது. ஏன்னா டியூனர்தான் ஒயரு வழியா எல்என்பிக்கு உத்தரவு போடுது. 13 வோல்ட் போனா செங்குத்து அலை, 18 வோல்ட் போனா கிடை அலை, 22 கிலோஹெர்ட்ஸ் முனகல் போனா மேல் பேண்டு. ஒத்த ஒயர்ல ஒருத்தன் 13 கேக்க, இன்னொருத்தன் 18 கேக்க, வீட்டுல மாமியாரும் மருமவளும் ஒரே நேரத்துல வேற வேற சானல் கேட்டு நின்ன கதையாயிரும்.

இனிமே உன் சீட்டுக்கு வருவோம். ஐ7. எதுக்குலே? சானல் சிக்னலைப் பிரிச்சுப் படமாக்குத வேலைக்குச் சிப்புக்குள்ளயே தனிப் பாகம் உண்டு. இன்டெல்காரன் 2011லயே குவிக் சிங்க்னு கொண்டாந்துட்டான். 2023ல வந்த என்100ன்னு ஒரு சிப்பு, நாலு கோர், கணக்கு 6 வாட்டு. எம்பெக்-2, எச்.264, எச்இவிசி, ஏவி1னு நீ எதைப் போட்டாலும் அந்தப் பாகம் பிரிச்சுக் காட்டிரும். 8 ஜிபி ராமே அதிகம். உன் ஐ7 பேருக்குப் பின்னால எஃப்னு ஒரு எழுத்து இருக்கா பாரு. இருக்குல்லா? அதுல படம் காட்டுத பாகமே கிடையாது. அதான் விலையைக் கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கான். அதுக்காகத்தான் கிராபிக்ஸ் கார்டும் வந்துருக்கு, கார்டுக்காக 850 வாட்டு வந்துருக்கு, சூட்டுக்காக ஃபேன் வந்துருக்கு. ஒரு எழுத்துக்குப் பொறத்தால எத்தனை சாமான் வரிசையா வருது பாத்தியா. கடைக்காரன் பன் வாங்கித் தந்ததுல தப்பே இல்லை.

கரண்டு கணக்கையும் பாத்துரு. ராத்திரி நாடகத்தைப் பதிவு பண்ணணும்னா பொட்டி முழிச்சே கெடக்கணும். உன் சீட்டுல உள்ள சாமான் சும்மா கெடந்தாலே 60 வாட்டு எடுக்கும்னு வை. ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட்டு. அரசாங்கம் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்குத் தாரது 100 யூனிட்டு இலவசம். ஒண்ணும் ஓடாமலே அதுல பெரும்பங்கை முழுங்கிரும். சின்னப் பொட்டி 10 வாட்டுன்னா 14 யூனிட்டோட போவும். உங்க அப்பா கரண்டு அட்டையத் தூக்கிக்கிட்டு என்கிட்ட நியாயம் கேக்க வருவாவ, அதையும் யோசிச்சுக்கோ. கரண்டு போயி வந்தா தானா எந்திரிக்கிற மாதிரி பயாஸ்ல ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டு வை. நம்மூர்ல அது ராமை விட முக்கியம்.

சின்னப் பொட்டி வாங்கினா அதுல கார்டு சொருக இடம் இருக்காது. அப்ப யூஎஸ்பி டியூனர். இல்லை, கார்டுதான் வேணும்னா என்100 பதிச்ச சின்ன மதர்போர்டா, ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் வாய் உள்ளதா வாங்கு. எச்டிஎம்ஐ 2.0ஆன்னு கேட்டுக்கோ, பழைய 1.4ல 4கே படம் நொடிக்கு 30 சட்டத்துக்கு மேல போவாது.

மென்பொருளுக்குக் காசு கிடையாது. முன்னெல்லாம் விண்டோஸ்குள்ளயே மீடியா சென்டர்னு ஒண்ணு இருந்துச்சு, 2015ல விண்டோஸ் 10 வந்தப்போ அதைத் தூக்கிட்டாவ. இப்ப டியூனரைக் கட்டி மேய்க்க டிவிஹெட்எண்ட், மூஞ்சி காட்டக் கோடி. இந்தக் கோடி முன்னால எக்ஸ்பிஎம்சின்னு இருந்துச்சு, 2014ல பேரு மாத்துனாவ. டிவிஹெட்எண்ட் எங்கயும் ஒரு மூலையில கெடக்கலாம். லேன் ஒயர்ல எந்த ரூமுக்கும் சானல் அனுப்பும். பைய மனசுல வாங்கிக்கோ, இது பொறவு வேண்டியிருக்கும்.

இப்ப ஒரு ரகசியம். லட்ச ரூவா பொட்டி வச்சவன் வீட்டுலயும் செய்திச் சானல் போட்டு, அடியில ஓடுத வரியப் பாரு. தத்தித் தத்திப் போவும். ஏன்? நம்ம நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு 50 கணக்கு. கம்ப்யூட்டரு வழக்கமா 60ல ஓடுது. 50ஐ 60ல அடைச்சா இடையில நொண்டத்தான் செய்யும். கோடியில படத்துக்கேத்த மாதிரி திரையோட வேகத்தை மாத்துன்னு ஒரு அமைப்பு இருக்கு, அதைப் போடு. அதோட, பழைய வகைப் படம் ஒத்தை வரியும் ரெட்டை வரியுமா மாறி மாறி வரும். அதைச் சரியாச் சேக்கலைன்னா பந்து பறக்கையில ஓரமெல்லாம் சீப்புப் பல்லாத் தெரியும். டீஇன்டர்லேசிங் நல்லா இருக்கான்னு கிரிக்கெட் போட்டுப் பாரு. கடையில காட்டுத மலை, அருவி, கிளிப் படத்தைப் பாத்து வாங்காத. அது எந்தப் பொட்டியிலயும் அழகாத்தான் இருக்கும்.

பதிவுக்கு ஹார்டு டிஸ்க். சாதாச் சானலு நொடிக்கு 4 மெகாபிட்டுன்னு வச்சாலும் மணிக்கு 1.8 ஜிபி. ஒரு டெராபைட்டுல 550 மணி நேரம். ஆச்சி நாடகம் பாத்து அழுதுக்கே போதும். சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, பதிவுக்கு மெதுவாச் சுத்துத டிஸ்க். வேகமாச் சுத்துதது நடு ராத்திரியில கரகரன்னும். படத்துல பேய் வருதுக்கு முன்னாலயே வீட்டுல வந்துரும்.

கடைசியா ரிமோட். இங்கதான் நல்ல நல்ல பொட்டியெல்லாம் தோத்துப் போச்சு. நீ கீபோர்டை மடியில வச்சுக்கிட்டு ஆளுவே. ஆச்சி? அவளுக்கு மூணு பொத்தான் தெரியும்: எந்திரிக்க, சத்தம், சானல். டிவி ரிமோட்டே பொட்டியையும் ஆட்டணும்னா எச்டிஎம்ஐ-சிஇசி வேணும். பெரும்பாலான பிசியில அது கிடையாது. தனியா ஒரு யூஎஸ்பி அடாப்டர் மாட்டணும். ராஸ்பெர்ரி பைன்னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு, அதுல சிஇசி பொறந்ததுலயே உண்டு. பை 4 எச்.264ஐயும் எச்இவிசியையும் தானே பிரிக்கும். பை 5ல தனிப் பிரிப்பு எச்இவிசிக்கு மட்டுந்தான், எச்.264 பிராசசர் தலையில விழும், அது தாங்கிக்கிடும். ஓடிடியில 4கே பாக்கணும்னா இந்த லினக்ஸ் பொட்டியை நம்பாத. உன் டிவிக்குள்ளயே ஆப்பு இருக்குல்லா, அதுல பாரு.

ஆக, சொல்லுதேன் எழுதிக்கோ. என்100 போர்டு, 8 ஜிபி, இரட்டை டியூனர் கார்டு, ஒரு டெராபைட் டிஸ்க். இது உங்க மாடி ரூம்ல, குடை ஒயரு இறங்குத எடத்துல கெடக்கட்டும். சத்தமும் சூடும் அங்கயே போவட்டும். கீழ ஹால்ல டிவிக்குப் பொறத்தால ஒரு பை 4. நடுவுல லேன் ஒயரு, வைஃபைய நம்பாத. உன் சீட்டுத் தொகையில கால்வாசிகூட ஆவாது.

குடைக்குக் காசு குடுத்துராத. என் தட்டட்டியில நல்ல குடை ஒண்ணு சும்மா கெடக்கு, இரட்டை எல்என்பியும் நானே தாரேன். திருப்பி நிறுத்துத கூலியும் வேண்டாம், அக்கா மவன்ட்ட வாங்குவனா? பை மட்டும் ஒண்ணுக்குப் பதிலா ரெண்டா வாங்கு. லேன் ஒயரு ஒரு 30 மீட்டர் கூடுதலா எடு. அளவெல்லாம் பாத்தாச்சு. உங்க மாடி ரூம் சன்னல்ல இருந்து கைப்பிடிச் சுவரு வழியா என் வீட்டு ஹால் வரைக்கும் சரியா எட்டும். நூறு மீட்டருக்குள்ள இருந்தா லேன் ஒண்ணும் சொல்லாது. இப்பத் தெரியுதா ரெண்டாவது டியூனர் எதுக்குன்னு? நீ கிரிக்கெட் பாக்கையில உங்க அத்தை வேற கொத்துல பக்திச் சானல் பாப்பா. கரண்டு உங்க வீட்டுது, யோசனை என் வீட்டுது. கணக்கு நேராயிருச்சுல்லா? கடை சாத்துதுக்குள்ள எந்திரி, வெரசாப் போ. டீ தந்தா குடிச்சுக்கோ, பன்னை மட்டும் வேண்டாம்னு சொல்லிரு.